பேண்டு வேண்டாம் என்பவர்களுக்கு

ஹைதராபாத்தில் பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போனதும் முதலில் நிறுத்தப்படுவது பள்ளிக்கூட பேண்டு. கிரிக்கெட் இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கும். பாட்டு வகுப்பு தெருமுனையிலேயே இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது தொடரும். பேண்டுக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது. "ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சாச்சு சார், இனிமே டிரம்மும் டிரம்பெட்டும் எதுக்கு?" என்று மாரேட்பள்ளியிலும் தார்நாகாவிலும் குக்கட்பள்ளியிலும் பெற்றோர் கூட்டங்களில் கேட்கிறார்கள். பள்ளி நிர்வாகமும் தலையாட்டுகிறது. ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் அணிவகுப்பு நடந்தால் சரி, அதற்குச் சின்னப் பிள்ளைகளே போதும் என்று முடிவாகிவிடுகிறது.

அந்த முடிவை மறுக்கவே இதை எழுதுகிறேன். பள்ளிப் பருவத்தில் பேண்டில் வாசிப்பது ஒரு பிள்ளைக்குள் என்ன செய்கிறது என்பதை இந்த ஊர் எடை போட்டுப் பார்த்து ஒதுக்கவில்லை. எடை போடாமலே தூக்கி எறிகிறது. நான் செகந்திராபாத்தில் ஒரு பள்ளியின் பேண்டில் யூஃபோனியம் என்ற பித்தளை ஊதுகருவியை வாசித்தவன். பிறகு இசைக்கலைஞன் ஆகவில்லை. இசையைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவனுடைய சாட்சியம்தான் இந்த வழக்கில் தேவைப்படுகிறது என்று நம்புகிறேன்.

நேரம் வீணாகிறது என்பதுதான் எல்லோரும் முதலில் வைக்கும் வாதம். பிரேயருக்கு முன்னால் முக்கால் மணி நேரம், வாரத்தில் மூன்று நாள். பெரும்பாலான பள்ளிகளில் பேண்டு கேட்கும் நேரம் இவ்வளவுதான். சுதந்திர தினம் நெருங்கும்போது கொஞ்சம் கூடும். இந்த இரண்டேகால் மணி நேரத்தைப் பிடுங்கி எதில் போடுகிறோம் என்று பார்க்க வேண்டாமா? 2024-இல் ஜே.இ.இ. மெயின் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு ஐ.ஐ.டி.களில் இருந்த இடங்கள் 17,740. நூறு பேர் எழுதினால் ஒருவருக்குச் சற்று மேல் இடம் கிடைக்கிறது. மீதித் தொண்ணூற்றெட்டுப் பிள்ளைகளின் பன்னிரண்டு வயது, பதின்மூன்று வயது, பதினாலு வயது எல்லாம் அந்த ஒரு இடத்துக்குக் கொடுத்த விலை. பிறருடைய இடத்துக்காகத் தன் பிள்ளையின் காலை வேளையைக் கொடுத்தோம் என்று எந்தத் தகப்பனாரும் நினைப்பதில்லை. தன் பிள்ளைதான் அந்த ஒருவன் என்று நினைத்தே பணம் கட்டுகிறார்.

மெட்ரோ தூண்களிலும் பேருந்துகளின் முதுகிலும் ஒட்டப்பட்டிருக்கும் கோச்சிங் விளம்பரப் படங்களைப் பாருங்கள். ஸ்டாம்பு அளவு முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஓர் எண். ஆறாம் வகுப்பிலிருந்தே வாராந்தரத் தேர்வு, வாராந்தர ரேங்க். பக்கத்து பெஞ்சில் இருப்பவன் தடுமாறினால் நான் ஓர் இடம் மேலே போகிறேன் என்பதைப் பதினோரு வயதிலேயே பிள்ளை புரிந்துகொள்கிறது. யாரும் வாய்விட்டு இதைச் சொல்லித் தருவதில்லை, ஏற்பாடே அப்படி. 2019 ஏப்ரலில் தெலங்கானா இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் குளறுபடிகளோடு வந்தபோது இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பேண்டு இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது அந்தக் குடும்பங்களை அவமதிப்பது. தன்னை அளந்துகொள்ள ஓர் எண்ணைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லாத வயதை நாம் கட்டியிருக்கிறோம், அதை மட்டும் சொல்கிறேன்.

பேண்டில் அந்த ஏற்பாடு அப்படியே தலைகீழாக இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மைதானத்தின் ஓரத்தில் நின்று கேட்பவர்களுக்கு இது தெரியாது.

யூஃபோனியத்துக்கு மெட்டு கிடைப்பது அபூர்வம். மெட்டு டிரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும். கைத்தட்டல் சைடு டிரம்முக்கு. நாங்கள் இரண்டு பேர் கீழே நீண்ட ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டிருப்போம். அதன்மேல்தான் மற்றவர்கள் நடப்பார்கள். அந்த நீண்ட ஸ்வரம் நடுவில் அறுபடக் கூடாது. ஆனால் பதின்மூன்று வயதுப் பையனின் நுரையீரலுக்கு அவ்வளவு மூச்சு கிடையாது. அதனால் மாஸ்டர் எங்கள் இருவர் தாளிலும் பென்சிலால் கால்புள்ளி போட்டு வைப்பார், இரண்டு தாளிலும் வெவ்வேறு இடத்தில். அவன் மூச்சு இழுக்கும் இடத்தில் நான் இழுக்கக் கூடாது. நான் இழுக்கும் இடத்தில் அவன் ஊதிக்கொண்டிருப்பான். கேட்பவர் காதுக்கு ஸ்வரம் ஒன்றாகவே போகும். எனக்கு மூச்சு வாங்க இடம் கிடைப்பது பக்கத்தில் இருப்பவன் தாங்குவதால். அவனுக்கு இடம் கிடைப்பது நான் தாங்குவதால். அவன் தடுமாறினால் எனக்கு லாபம் எதுவும் இல்லை, நானும் சேர்ந்து மூழ்குவேன். பள்ளியில் படித்த காலமெல்லாம் வேறு எந்த அறையிலும் எனக்கு இது சொல்லித்தரப்படவில்லை.

எங்கள் மாஸ்டர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்; பச்மடியில் ராணுவ இசைப் பிரிவில் பயிற்சி எடுத்தவர். மழைக்காலத்தில் மைதானம் சேறாகிவிடும், சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரைக்குக் கீழே பயிற்சி நடக்கும். ஆஷாட மாதமாக இருந்தால் உஜ்ஜயினி மகாகாளி கோயில் பக்கமிருந்து போனாலு திருவிழா மேளமும் கேட்கும். ஒரு நாள் என் கூட்டாளி சலித்துக்கொண்டான், நம்ம சத்தம் யாருக்கும் கேட்கிறதே இல்லை என்று. மாஸ்டர் பதில் சொல்லவில்லை. மொத்த பேண்டையும் 'சாரே ஜஹான் சே அச்சா' வாசிக்கச் சொன்னார். எட்டுத் தாளக் கட்டம் போனதும் எங்கள் இருவரை மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார். டிரம்பெட்டுகள் தொடர்ந்து வாசித்தன. மெட்டில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் எல்லாம் அந்தரத்தில் தொங்கியது. வாசித்துக்கொண்டிருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். கையை மறுபடி உயர்த்தினார், நாங்கள் சேர்ந்தோம், பாட்டுக்குத் தரை வந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, அடுத்த அணிவகுப்பு மெட்டுக்குப் போய்விட்டார்.

யாருக்கும் முகம் தெரியாமல், மேடையில் பெயர் வாசிக்கப்படாமல், அப்போதும் நீ இல்லாவிட்டால் காரியம் குலையும் என்று ஒரு பிள்ளைக்குக் காட்டிவிட முடியும் என்றால், அதைவிடப் பெரிய கல்வி என்ன இருக்கிறது? ரேங்க் பட்டியல் ஒருநாளும் இதைக் காட்டாது. பட்டியலில் 412-ஆவது பெயரை எடுத்துவிட்டால் 413 மேலே ஏறும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வாசிக்காமல் இருப்பது. பேண்டில் பதினாறு கட்டம், இருபத்துநாலு கட்டம் சும்மா நிற்க வேண்டி வரும். சும்மா என்றால் மனசுக்குள் எண்ணிக்கொண்டு. ஒன்று-இரண்டு-மூன்று-நாலு, இரண்டு-இரண்டு-மூன்று-நாலு என்று எண்ணி, பதினேழாவது கட்டத்தின் முதல் தட்டில் உதட்டை வைத்து உள்ளே நுழைய வேண்டும். எண்ணிக்கை தவறினால் எல்லோர் காதிலும் விழும். பிறர் பேசும்போது காது கொடுத்து, நம் முறை எப்போது என்று தெரிந்து, அந்த நொடியில் பேசுவது என்பது அலுவலகங்களில் பெரிய சம்பளம் வாங்குகிறவர்களுக்கே வராத பழக்கம். கச்சிபௌலியில் பல வருஷம் கூட்டங்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதைத் திடமாகச் சொல்வேன்.

கிரிக்கெட்டுக்கு மட்டும் இந்த ஊர் இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறது. ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூலில் படித்த சத்யா நாதெள்ளா, 2017-இல் வந்த 'ஹிட் ரெஃப்ரெஷ்' நூலில், தான் மோசமாகப் பந்து வீசிய நாளில் அணித்தலைவர் தானே வந்து விக்கெட் எடுத்துவிட்டு, மறுபடி பந்தைத் தன்னிடமே கொடுத்ததை எழுதியிருக்கிறார். தலைமை என்றால் என்ன என்று அங்கே கற்றதாகச் சொல்கிறார். அதைப் படித்துப் பெருமைப்படாத ஹைதராபாத்துக்காரர் குறைவு. மைதானத்தில் பதினொரு பேர் சேர்ந்து ஆடினால் பண்பு வளரும் என்று நம்புகிறவர்கள், அதே மைதானத்தின் ஓரத்தில் முப்பது பேர் சேர்ந்து ஒரே மூச்சாக வாசிப்பதில் மட்டும் ஒன்றும் வளராது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பேண்டுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களிலும் ஒரு கூட்டத்தோடு எனக்குச் சண்டை உண்டு. "இசை கற்றால் மூளை வளரும், கணக்கில் மார்க் கூடும்" என்று சொல்லிப் பெற்றோரைச் சம்மதிக்க வைக்கப் பார்க்கிறார்கள். 1993-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு ஆய்வு வந்தது: மொசார்ட் கேட்ட 36 கல்லூரி மாணவர்கள் ஒருவகைப் புதிரில் சில நிமிடங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். அவ்வளவே. அதைப் பிடித்துக்கொண்டு 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார். பிறகு பல ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கரைந்துபோனது. இசைப் பயிற்சி பிள்ளைகளின் படிப்புத் திறனை உயர்த்துகிறது என்பதற்கும் திடமான சான்று இல்லை என்றே பின்னால் வந்த பெரிய தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. ஆகவே அந்தப் பொய்க்காலின் மேல் பேண்டை ஏற்றி வைக்காதீர்கள். மார்க்குக்காக பேண்டு என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், மார்க் வராத அன்றே பேண்டு போய்விடும்.

சான்று இருக்கிற விஷயம் வேறு. ஸ்டான்ஃபோர்டில் வில்டர்முத், ஹீத் என்ற இருவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அடியில் சேர்ந்து நடந்தவர்கள் பிறகு ஆடிய பண விளையாட்டுகளில் தங்கள் குழுவோடு கூடுதலாக ஒத்துழைத்தார்கள். அடுத்த ஆண்டு கிர்ஷ்னரும் டோமசெல்லோவும் நாலு வயதுக் குழந்தைகளிடம் இதையே இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள்: சேர்ந்து பாடி ஆடி வாசித்த ஜோடிகள், அதே விளையாட்டை இசை இல்லாமல் ஆடிய ஜோடிகளைவிட ஒருவருக்கொருவர் அதிகமாக உதவின. சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கீழே எங்களுக்கு நடந்ததும் இதுதான்.

அடுத்து, "இது வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம், நம்ம இசை இல்லை" என்பவர்கள். செகந்திராபாத்தே 1806-இல் பாளையமாக எழுந்த ஊர். பேண்டு அந்த வழியாகத்தான் இங்கே வந்தது, மறுக்கவில்லை. ஆனால் வந்த கருவி வந்த இடத்திலேயே நிற்கவில்லை. முத்துசாமி தீட்சிதர் மணலியில் இருந்தபோது சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றில் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்றுத் தருகிறோம். அவருடைய தம்பி பாலுசாமி வெள்ளைக்காரரிடம் கற்ற வயலின் இல்லாமல் இன்று ஒரு கச்சேரி நடக்குமா? கிளாரினெட்டில் கர்நாடக இசையை நிலைநிறுத்திய திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனை முதலில் கேட்டது மைசூர் அரண்மனை பேண்டில். கூர்க்கா படையில் சிறுவனாகச் சேர்ந்து பேண்டில் இசை கற்ற ராம் சிங் தாக்குரிதான் பிறகு நேதாஜியின் படைக்கு 'கதம் கதம் படாயே ஜா' மெட்டைத் தந்தவர். ஹைதராபாத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நிஜாம் படையில் சேர்ந்த அரபிகளும் சித்திகளும் கொண்டுவந்த மர்ஃபா மேளம் இல்லாமல் இந்த ஊரில் எத்தனை கல்யாணம் களை கட்டும்?

இதெல்லாம் மேலே சொல்லப்படும் காரணங்கள். அடியில் சொல்லப்படாத காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும்.

"கல்யாணத்துல பேண்டு அடிக்கப் போறியா?" என்று பிள்ளையைக் கேட்கிறோமே, அந்தக் கேள்வியில் இருப்பது நேரக் கவலை அல்ல. வாயால் ஊதும் கருவி எச்சில் படும், தோல் கட்டிய கருவி இன்னார் கை படும் என்று தலைமுறை தலைமுறையாக நாம் வகுத்து வைத்த இளக்காரம் அது. தமிழ்நாட்டில் பறைக்கு நடந்தது எதுவோ அதுவே தெலங்கானாவில் மாதிகர்களின் டப்புக்கு நடந்தது. சாவுக்கும் சாமிக்கும் அந்த மேளம் வேண்டும், வாசித்தவன் மட்டும் வாசலில் நிற்க வேண்டும். தனி மாநிலப் போராட்டத்தில் அதே டப்பு எல்லா மேடையிலும் ஏறியது; அதன் பிறகும் பிள்ளையின் கழுத்தில் டிரம்மை மாட்டிப் பார்க்க நடுத்தர வர்க்கத்துக்கு மனம் கூசுகிறது. அதே வீட்டில் கீபோர்டுக்கும் வீணைக்கும் மறுப்பில்லை; உட்கார்ந்து வாசிப்பது மரியாதை, நின்று ஊதி அடிப்பது கூலி வேலை என்று மனசில் எழுதி வைத்திருக்கிறோம்.

பள்ளிக்கூட பேண்டு இந்த இளக்காரத்தை உடைக்கிற இடம். எங்கள் பேண்டில் தபால்காரர் மகனும் டாக்டர் மகனும் ஒரே பிராஸோ டப்பாவில் துணியை நனைத்துக் கருவியைத் துலக்கினார்கள். வாசித்து முடித்ததும் குழாயில் தேங்கிய நீரை மூடியைத் திறந்து தரையில் வடிப்போம். அடுத்த வகுப்பில் அதே கருவியை இன்னொருவன் வாங்கி, வாய் வைக்கும் பகுதியைக் கழுவிவிட்டு ஊதுவான். இதில் யார் வீட்டு எச்சில் என்று யாரும் கேட்டதில்லை. இன்றைக்குப் பெண்கள் பள்ளிகளிலும் பேண்டு இருக்கிறது. குடியரசு தினத்தையொட்டி டெல்லியில் முடியும் தேசியப் பள்ளி பேண்டுப் போட்டியில் மாணவியருக்கென்றே பித்தளைக் கருவிப் பிரிவும் பைப் பேண்டுப் பிரிவும் உண்டு. தோளில் பெரிய டிரம்மைத் தூக்கி, தெரு முழுக்கக் கேட்கும்படி அடித்துக்கொண்டு நடந்த பெண்ணிடம், பிறகு யாரும் சத்தம் போடாமல் இரு என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

படை ஒழுங்கு பிள்ளைகளைக் கீழ்ப்படிய மட்டுமே பழக்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள். கெட்ட மாஸ்டரிடம் அது நடக்கும். கெட்ட கணக்கு வாத்தியாரிடமும் நடக்கும். அதற்காகக் கணக்கை யாரும் நிறுத்தவில்லை.

"இதனால் என்ன ஆகப்போகிறான்?" என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இதற்கு எல்லோரும் ஒரு பெரிய பெயரை எடுத்து நீட்டுவார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் பதினோரு வயதில் புத்தாண்டு இரவில் துப்பாக்கி வெடித்துப் பிடிபட்டு, நியூ ஆர்லியன்ஸ் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியரின் பேண்டில் கார்னெட் கற்றார், உலகமே அவரைக் கேட்டது. உண்மைதான். ஆனால் அந்த பேண்டில் அவரோடு வாசித்த மற்றப் பையன்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. என் வாதம் அவர்களைப் பற்றியது. உலகம் கேட்காத அந்தப் பையன்களும் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் தலை நிமிர்ந்து நடந்தார்கள், தெரு அவர்களைப் பார்த்தது. எங்கள் பேண்டிலிருந்தும் ஒருவரும் பெரிய வித்வான் ஆகவில்லை. ஒருவன் ரயில்வேயில் இருக்கிறான், ஒருத்தர் மருந்துக் கம்பெனியில், என் யூஃபோனியக் கூட்டாளி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். அவன் அப்பா இறந்த ராத்திரியில் எங்கள் எல்லோருக்கும் அவன் தனித்தனியாகப் போன் போடவில்லை. ஒருவருக்குச் சொன்னான், விடிவதற்குள் எல்லோரும் வந்திருந்தோம். ரேங்க் பட்டியலில் எனக்கு மேலேயும் கீழேயும் இருந்தவர்களின் பெயர்கள் எனக்கு இப்போது நினைவில் இல்லை.

2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, பாடத்துக்கும் பாடத்துக்கு வெளியே இருப்பதற்கும் நடுவே கறாரான சுவர் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. பள்ளி நிர்வாகங்கள் அதை விளம்பரப் புத்தகத்தில் அச்சடிப்பதோடு நிற்காமல் பேண்டு மாஸ்டரை ஆசிரியராக நியமிக்கட்டும்; நாள் கூலிக்கு ஆகஸ்டில் கூப்பிட்டு ஆகஸ்டிலேயே அனுப்பும் வழக்கம் ஒழியட்டும். எட்டாம் வகுப்பிலேயே பேண்டை நிறுத்திவிடாமல் பத்தாம் வகுப்பு வரை விடட்டும். ஜூனியர் காலேஜ்கள் இதில் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று தெரியும், அவர்களிடம் கேட்கவும் இல்லை.

பெற்றோரிடம்தான் கேட்கிறேன். ஜூனில் பள்ளி திறந்ததும் பேண்டுக்குச் சம்மதக் கடிதம் வரும். எட்டாம் வகுப்பாக இருந்தாலும், ஃபவுண்டேஷன் வகுப்புக்குப் பணம் கட்டியிருந்தாலும், பிள்ளை ஆசைப்பட்டால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.